தரை இறங்காத மழை

குமுதவல்லி வாசல் தெளித்த தண்ணீர் தரையில் விழாமல் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்ட அன்று ஆடி வெள்ளி. வேறு கிழமையாக இருந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று விட்டிருப்பாள். ஆடி வெள்ளியாகப் போனதால் தெய்வக் குற்றம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, சந்தேகத்துக்கு, வாளியில் மிச்சமிருந்ததையும் வீசிப் பார்த்தாள். அதுவும் போய் முன்னதோடு சேர்ந்துகொண்டு சிமெண்ட் தரைக்கு மேலே துளித்துளியாக, பூக்காரி சரம் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி நின்றது. கீழே தரை சொட்டு ஈரமில்லாமல் கிடந்தது. தெளிக்காத வாசலில் கோலம் போட்டுப் பழக்கமில்லாததால் மாவு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய், கணவர் தணிகாசலத்தை எழுப்பி, வாசலில் தண்ணீர் விழ மாட்டேன் என்கிறது என்று சொன்னாள். அவர் பால் வந்துவிட்டதா என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே ஒரு மழை வந்தது. பக்கத்துத் தெருக்களில் வழக்கம்போல் விழுந்து வழக்கம்போல் ஓடியது. செண்பகா நகர் நான்காவது தெருவில் மட்டும், மொட்டைமாடிகளில் பெரிய மனது பண்ணி விழுந்து, குழாய் வழியாக இறங்கி, தெருவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. நேராக வானத்திலிருந்து வந்த மழையும் அதன் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. தரையைத் தொடாத மழைக்குச் சத்தம் கிடையாது என்பது அன்றைக்குத்தான் அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரிந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் மழை பெய்வது தெரிந்தது, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் காயப்போட்ட துணியை எடுக்காமல் நனையவிட்டார்கள்.

அந்தத் தெருவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சென்னைக்குத் தெற்கே ஏரியாக இருந்து, வயலாக மாறி, மனையாகப் பிரிந்து, ஏரி என்ற சொல்லையே எல்லாரும் மறந்தபிறகு நகர் என்று பெயர் வாங்கிய இடம் அது. குமுதவல்லி குடிவந்த காலத்தில் கணுக்கால் சேறு. மகள் மதிவதனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூட வேனைப் பிடிக்க அவள் அந்தச் சேற்றில் ஓடியிருக்கிறாள். ஒருமுறை குழந்தையோடு விழுந்தும் இருக்கிறாள். அந்தக் கோபத்திலேயே குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகி, மனுக்கொடுத்து, சண்டைபோட்டு, மதிலிலிருந்து மதில்வரை ஒரு விரல் இடுக்கு விடாமல் தெருவைச் சிமெண்டால் மூடவைத்தாள். அதைப் பார்த்து வீடுகளும் தங்கள் முற்றங்களுக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டன. மண் தெரியாத தெரு என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பெய்த மழையெல்லாம் வழுக்கிக்கொண்டு தெருவின் தென்மேற்குக் கோடிக்குப் போய், அங்கே குமுதவல்லியின் காலி மனையின் மதிலில் முட்டித் திரும்பி, ஐந்தாவது தெருவுக்குப் போய்விடும். அங்கே அது யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது என்று நான்காவது தெரு ஒருநாளும் விசாரித்ததில்லை.

அதிசயம் என்று முதல் வாரம் வாயைப் பிளந்த தெரு, அடுத்த வாரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் நடக்கப் பழகிவிட்டது. ஆள் நடந்தால் துளிகள் நனைத்துக்கொண்டே விலகி வழிவிட்டு, போனபிறகு பின்னாலேயே வந்து மூடிக்கொண்டன. நாய்கள் நின்ற இடத்திலிருந்தே நாக்கை நீட்டிக் குடித்தன. போர்வெல்லில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த தெரு என்பதால் பெண்கள் குடத்தைக் காற்றில் சாய்த்து மொண்டு போனார்கள். பஷீர் பாய் தன் மளிகைக் கடைச் சாமான்களை எல்லாம் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டு, கீழ்த்தட்டில் இருந்த சோப்புகளை நனைந்தது பாதி விலை என்று எழுதிவைத்து விற்றுத் தீர்த்தார். கொசு முட்டையிட வந்து, எது மேல் எது கீழ் என்று குழம்பித் திரும்பிப் போனதாக ஜெசிந்தா டீச்சர் சத்தியம் செய்தாள். வெளியூரிலிருந்து கேமராவோடு வந்தவர்கள் இரண்டு நாள் படம்பிடித்துப் போனார்கள். படத்தைப் பார்த்தவர்கள் யாரும் நம்பாததால் பிறகு அவர்களும் வரவில்லை. புகாரின் பேரில் வந்த அதிகாரி குனிந்து தரையைத் தடவிப் பார்த்து, காய்ந்திருக்கிறது, ஆகவே நீர் தேங்கவில்லை என்று சொல்லி, முழங்கால்வரை நனைந்த பேண்டோடு ஜீப்பில் ஏறினார்.

ஆனால் ஒவ்வொரு மழையும் முந்தின மழையின் தோளில் ஏறி நின்றது. ஆவணி பாதிக்குள் முழங்கால் இடுப்பாயிற்று. பைக் எஞ்சினும் ஆட்டோ எஞ்சினும் மூச்சுத் திணறி நின்றன. குமுதவல்லி மகளின் மாதத்தை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தது அப்போதுதான்.

மதிவதனிக்கு அது ஏழாம் மாதம். ஆரணியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடந்தது. கலந்த சாதங்களைக் கட்டிக்கொண்டு போய், மகள் கை நிறைய வளையல் பூட்டி, கையோடு அழைத்துவரலாம் என்று குமுதவல்லி மகளின் பெட்டியைத் தூக்கியபோது, சம்மந்தியம்மாள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். கெட்டவள் இல்லை, மருமகளுக்குத் தானே தலைவாரிப் பின்னிவிடுகிறவள். கோபமில்லாமல்தான் சொன்னாள், "உங்க தெருவுல வண்டி வராதாமே. நேரத்துக்கு ஆஸ்பத்திரி போக முடியலன்னா என்னங்க பண்ணுவீங்க? தண்ணி எறங்கட்டும், நானே கொண்டாந்து விடறேன்."

எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியை இடம் மாற்ற மாட்டார்கள். ஒன்பதாம் மாதம் ஐப்பசியில் வருகிறது. அதற்குள் தண்ணீர் இறங்கினால்தான் தலைப்பிரசவம் தாய் வீட்டில், இல்லையென்றால் இல்லை. ஒரே மகள். குமுதவல்லி வெறுங்கையோடு பஸ் ஏறி, ஆற்காடு தாண்டும்வரை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

திரும்பி வந்ததும் சங்கக் கூட்டம் போட்டாள். மண்ணைப் பார்த்தால்தான் மழை இறங்கும் என்பது அதற்குள் எல்லாருக்கும் புரிந்திருந்தது, ஏனென்றால் ஜெசிந்தா டீச்சர் வீட்டு ரோஜாத் தொட்டியில் மட்டும் அது சத்தம்போட்டு விழுந்துகொண்டிருந்தது. சரி, மண்தானே என்று ஒரு லாரி செம்மண்ணைத் தெருமுனையில் இறக்கி, கூடையில் சுமந்து சிமெண்டின் மேல் பரப்பினார்கள். துளிகள் தாழ்ந்து வந்து, மண்ணை மோந்து பார்த்ததுபோலக் கொஞ்சம் நின்று, அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டதாலோ என்னவோ, மறுபடி இடுப்பு உயரத்துக்கே போய்விட்டன. லாரி மண் தெரு முழுக்கச் செருப்பில் ஒட்டி, எல்லார் வீட்டு ஹாலுக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்தபடியாகச் சிமெண்டை உடைப்பது என்று முடிவாயிற்று. எங்கே உடைப்பது என்பதற்கு வாஸ்து பார்க்கும் செல்வமணியைக் கூப்பிட்டார்கள். அந்தத் தெருவில் வாசக்காலும் கழிப்பறையும் அவர் கைகாட்டிய இடத்தில்தான் இருந்தன. கிறிஸ்தவரான டீச்சரும் முஸ்லிமான பஷீர் பாயும்கூட வீடு கட்டும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டவர்கள்தான். நீர் என்றால் ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்றார் செல்வமணி. ஒவ்வொரு வீடும் தன் மனையின் வடகிழக்கில் டைல்ஸைப் பெயர்த்துக் குழி வெட்டியது. தெரு மொத்தத்துக்குமாக வடகிழக்கு முனையில் பஷீர் பாய் கடைமுன் ஒரு பெரிய குழி வெட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள். வீட்டுக் குழிகளில் மழை ஒரு வாளி, இரண்டு வாளி இறங்கியது. கடைமுன் வெட்டிய பெரிய குழியில் ஒன்றுமே இறங்கவில்லை. அந்தத் தெருவின் மேட்டுமுனை அதுதான் என்பதைக் குழி வெட்டும் அவசரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

தண்ணீர் தன் போக்கில் எதிர்த்திசைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாளுக்கு நாள் துளிகள் மெல்ல நகர்ந்து, தெருவின் தென்மேற்குக் கோடியில், குமுதவல்லியின் காலி மனை வாசலில் போய் அடர்த்தியாகக் கூடி நின்றன. மற்ற இடத்தில் இடுப்பளவு என்றால் அங்கே கழுத்தளவு. கல்யாண வீட்டு வாசலில் கதவு திறக்கக் காத்திருக்கும் சொந்தக்காரர்களைப் போல, சண்டையில்லை சச்சரவில்லை, இரும்பு கேட்டைப் பார்த்தபடி நின்றன. தெரு முழுவதும் அதைப் பார்த்தது. குமுதவல்லியின் முகத்தையும் பார்த்தது. பிறகு அவரவர் மண்வெட்டியோடு வீட்டுக் குழிக்கே திரும்பினார்கள்.

ஏனென்றால் அந்த மனை யாருக்காக என்பது தெருவுக்கே தெரியும். குமுதவல்லியின் வீட்டை ஒட்டியே இருந்த அது மதிவதனிக்கு வீடு கட்ட வைத்திருக்கும் இடம். மகள் ஒருநாள் ஆரணியை விட்டு வந்து பக்கத்திலேயே குடியிருப்பாள், இந்தப் பக்கம் குழம்பு கொதித்தால் அந்தப் பக்கம் கிண்ணம் போகும் என்பது குமுதவல்லியின் கணக்கு. மனை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருந்தது. கன்னி மூலை மேடாக இருக்க வேண்டும். அங்கே பள்ளம் விழுந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்று செல்வமணி என்றோ சொல்லிவைத்திருந்தார். அதனால் கட்டட இடிபாடுகளை லோடு லோடாக அதில் கொட்டினாள். எவ்வளவு கொட்டினாலும் மனை உள்வாங்கிக்கொண்டே இருந்தது. ஏரி இருந்த காலத்தில் மதகை ஒட்டிய பள்ளம் அது என்று யாரோ சொன்னார்கள். கடைசியில் அலுத்துப்போய், தாழ்ந்தது தாழ்ந்தபடியே சிமெண்டைப் போட்டு மூடிப் பூட்டிவிட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் ஜெசிந்தா டீச்சர்தான் வாயைத் திறந்தாள். பி.டி. டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், விசிலடித்தே பேசிப் பழகியவள், அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் கேக்கல. அதுதான் கேக்குது," என்றாள். குமுதவல்லி டீச்சருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

கணவரிடம் கேட்டாள். தணிகாசலம் நாற்பது வருடக் குடித்தனத்தில் எந்த முடிவும் எடுக்காமலேயே காலம் தள்ளிய மனிதர். "நான் சொல்ல மாட்டேன்மா. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீ என்னத்தான் சொல்லுவ," என்றார். அது நியாயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. மனையை வெட்டினால் மகள் வருவாள். வந்த மகளுக்கு வெட்டிய பள்ளமே எமனாகிவிட்டால்? வெட்டாவிட்டால் மகள் எங்கேயோ யார் கையையோ பிடித்துக்கொண்டு கத்துவாள். இரண்டில் எதை நினைத்தாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மதிவதனியே போன் செய்தாள். அப்பா ரகசியமாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். முடிவெடுக்க மாட்டார் என்றாலும் வத்திவைக்கத் தெரிந்தவர். குமுதவல்லி கன்னி மூலை, பள்ளம், பெண்ணுக்கு ஆகாது என்று எதையெல்லாமோ சுற்றிச் சுற்றிச் சொன்னாள். மகள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, எனக்கு எது ஆகாதுன்னு நான் சொல்லட்டா? நீ இல்லாத எடத்துல நான் புள்ள பெத்துக்கறது எனக்கு ஆகாது. வீடெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு பயமா இருக்கும்மா, நான் அங்க வரணும்."

குமுதவல்லி போனை வைத்துவிட்டு, கொல்லையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீருக்குள் போய்ப் பூட்டைத் திறந்தாள். தண்ணீர் அவளுக்குப் பின்னால் அவசரப்படாமல் உள்ளே வந்தது; மனையின் நடுவில், எங்கே மிகவும் தாழ்வோ அங்கே, தரைக்கு மேலே வட்டமாகக் கூடி நின்றது. அவள் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளவில்லை. மகளின் பெயரைச் சொல்லித்தான் முதல் குத்துக் குத்தினாள். சிமெண்ட் அவ்வளவு சுலபத்தில் உடையவில்லை. நல்ல சிமெண்ட், அவளே பார்த்துப் பார்த்துப் போட்டது. சத்தம் கேட்டு டீச்சர் வந்தாள், பஷீர் பாய் வந்தார், யார் யார் வீட்டில் சுத்தியல் இருந்ததோ எல்லாரும் வந்தார்கள். தணிகாசலம் மோர் கரைத்துக்கொண்டு வந்தார்.

அடியிலிருந்த இடிபாட்டையும் விலக்கி, ஓர் உள்ளங்கை அளவு மண் தெரிந்ததும் மழை இறங்கியது. ஆடியிலிருந்து நின்றுகொண்டிருந்த மழை மொத்தமும், தெருக் கோடியிலிருந்து கோடிவரை, தன் முறை வரும்வரை நின்று, நின்று, வரிசையாக உள்ளே வந்து சடசடவென்று இறங்கியது. மண் அதைக் குடித்த சத்தம் எதிர்வீட்டு மாடிவரை கேட்டது என்பார்கள். பல வருடமாக மூடிக் கிடந்த மண்ணிலிருந்து ஒரு வாசனை கிளம்பிற்று. குமுதவல்லி கடப்பாரையைப் பிடித்தபடி அழுதாள். சுற்றி நின்றவர்கள் அவளை அழவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

அதோடு தெரு நிற்கவில்லை. வழிதெரிந்த பிறகு நிற்க முடியவில்லை என்பதுதான் சரி. மனையின் மதிலை இடித்து, இடிபாடுகளை வாரி, ஓரம் ஆழமில்லாமலும் நடு ஆழமாகவும் தாம்பாளம்போல் பள்ளத்தைக் குடைந்தார்கள். அடியில் ஜல்லியும் அதன்மேல் மணலும் கொட்டி, கரையில் வெட்டிவேரும் கல்வாழையும் கோரையும் நட்டார்கள். தெருவின் இரண்டு ஓரத்திலும் சிமெண்டை ஒரு முழ அகலத்துக்கு அறுத்தெடுத்துச் செடிக்கு விட்டார்கள். அங்கங்கே தண்ணீர் நின்று, இளைப்பாறி, மிச்சம் மட்டும் மனைக்குப் போகும்படி குறுக்கே கல் வைத்தார்கள். நடுவில் வண்டி போகச் சிமெண்ட் இருந்தது. அதை உடைக்கக் கூடாது என்று குமுதவல்லி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஐந்தாவது தெருக்காரர்கள், இனி நான்காவது தெருத் தண்ணீர் தங்கள் கட்டிலுக்கு அடியில் வராது என்று தெரிந்ததும், கேட்காமலே மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கும் மோர் கொடுத்தார் தணிகாசலம்.

ஐப்பசியில் சம்மந்தியம்மாள் சொன்ன வாக்குப்படி மருமகளைக் கொண்டுவந்து விட்டாள். காரிலிருந்து இறங்கியவள் முதலில் தெருவைக் கண்ணால் அளந்து, பிறகு பள்ளத்தின் கரையில் நின்று பார்த்து, வெட்டிவேர்க் கன்று ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். செல்வமணி மட்டும் தெருவில் எதிர்ப்பட்டபோது பள்ளத்தைப் பார்த்து, குமுதவல்லியைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டே போனார். அந்தத் தலையாட்டல் அவள் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மகள் தும்மினாலும் பள்ளத்தைத்தான் பார்த்தாள். மகள் கரையில் போய் உட்கார்ந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே கூப்பிட்டாள். மதிவதனியோ காலை நீட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து பொரி தின்றாள்.

கார்த்திகை பிறந்ததும் பெருமழை பிடித்தது. விடாமல் கொட்டிய மழையில் அந்த வட்டாரமே தத்தளித்தது. முதல் தெருவில் முழங்கால், இரண்டாவது தெருவில் இடுப்பு, அங்கே அது நிஜமாகவே தரையில் நின்ற தண்ணீர், அழுக்குத் தண்ணீர், அதிசயம் எதுவும் அதில் கிடையாது. அன்று காலை சமையலறையில் நின்றுகொண்டிருந்த மதிவதனி மேடையைப் பிடித்துக்கொண்டு, அம்மா என்றாள்.

ஆம்புலன்ஸ்காரர் போனில், உங்கள் பக்கம் எல்லாத் தெருவும் மூழ்கியிருக்கிறதே, எந்த வழியாக வருவது என்று கேட்டார். மெயின்ரோட்டிலிருந்து நேராக நான்காவது தெருவில் திரும்புங்கள் என்றார் தணிகாசலம். அது அவர் எடுத்த முடிவு. வண்டி வந்தது. ஓரத்துச் செடிகளுக்குள் தண்ணீர் சலசலத்து ஓட, நடுத்தெருவில் டயர் அளவு நீர்கூட இல்லாமல், வாசல்வரை வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கித் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்ட்ரெச்சரை இழுத்தார்.

மகளை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிய குமுதவல்லி, கதவை மூடும் முன்னால் மனையைப் பார்த்தாள். இத்தனை நாள் எதைப் பார்த்துப் பயந்தாளோ அது கரைக்கு ஒரு சாண் கீழே நிரம்பி நின்றது. கல்வாழை பாதி முழுகியிருந்தது. தெரு முழுவதன் மழையும் ஓடிவந்து அதற்குள் இறங்கிக்கொண்டே இருந்தது, வண்டிக்கு வழிவிட்டுக்கொண்டே இருந்தது. என் பெண்ணுக்கு ஆகாதது என்று யாரைச் சொன்னேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மதிவதனி வலியில் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். குமுதவல்லி இன்னொரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் அந்தத் தண்ணீரிடம் சொன்னாள்.

"ரெண்டு பேரா போறோம், மூணு பேரா வந்துடறோம். அதுவரைக்கும் வீட்டப் பாத்துக்கோ."